மாவுச் சந்தாவிலிருந்து மரியசூசை விலகிய வரலாறு

உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட உறவுகளில் உன்னதமானது எது என்று கேட்டால், தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ளது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்க்காதவர்கள். கணவன் மனைவி உறவு என்பார்கள் வேறு சிலர். அவர்கள் குடும்ப நல நீதிமன்றத்து வராந்தாவில் நின்று பழகாதவர்கள். நான் இரண்டையும் பார்த்தவன். தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து பதினோரு வருடம் மனு எழுதிக் கொடுத்தவன். ஆகவே பொறுப்புடன் சொல்கிறேன்: மானுட குலம் அடைந்த உறவுகளில் பிரிக்கவே முடியாதது, இட்லி மாவுக் கடைக்கும் அதன் சந்தாதாரருக்கும் இடையே உள்ள உறவுதான்.

அந்த உறவைப் பென்னாகரம் ரோட்டில் நிலைநாட்டியவர் எங்கள் முதலாளி பிரபாகர். 'அமுதக்கல் ஃபிரெஷ் மார்ட்' என்ற அவருடைய கடையில் முதலில் மாவு, தயிர், முட்டை, காய்கறி எல்லாம் சாதாரணமாக, அநாகரிகமாக, விற்கப்பட்டு வந்தன. அதாவது ஆள் வருவார், கேட்பார், வாங்குவார், போவார். மறுநாள் வந்தாலும் வருவார், வராமலும் இருப்பார். இந்தக் காட்டுமிராண்டி முறையைக் கண்டு பிரபாகர் உள்ளூர வெந்துகொண்டிருந்தார். அதற்கு முன் அவர் வைத்த இரண்டு கடைகள் மூடப்பட்டிருந்தன. அந்த வேதனையோடு ஓசூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். வந்தவர் நேராக என் குடைக்கு வந்தார்.

"குரு சார், வந்துட்டுப் போறவன் வாடிக்கையாளர் இல்லீங்க. போக முடியாதவன்தான் வாடிக்கையாளர்" என்றார். "ஒரு ஸ்கீம் ஆரம்பிக்கறன். அதுக்கு விதிமுறை எழுதணும். படிச்சா கண்ணுல தண்ணி வரணும், ஆனா எதுவும் புரியக்கூடாது. உங்களாலதான் முடியும்."

என் எழுத்தின் ஆன்மாவை அவர் ஒருவர்தான் கண்டுகொண்டார். அன்றே குடையை மடக்கிவிட்டேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பதவி அச்சாகி வந்தது: 'வாடிக்கையாளர் விசுவாச அலுவலர்.'

திட்டத்தின் பெயர் 'அமுத உறவு'. மாதச் சந்தா வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே வந்துவிடும். தினமும் விடியற்காலையில் ஒரு கிலோ மாவு வீட்டுக் கேட்டில் தானாகவே தொங்கும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் ஒருவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. உறுப்பினர்களில் மூன்று வகுப்பு: அரிசி உறவு, சாமை உறவு, ராகி உறவு. ராகிதான் உச்சம்.

"எங்கப்பன் காலத்துல ராகிக் களி திங்கற வூட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. இப்ப ராகிதான் மேல் சாதியா?" என்று கேட்டபடி சேர்ந்தவர்தான் மரியசூசை.

அவர் மோட்டார் காயில் கட்டுபவர். பென்னாகரம் ரோட்டில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அது அவருடைய தகரக் கொட்டகைக்குத்தான் வரும். ஐம்பத்தைந்து வயது. மனைவி ராஜமேரி. ஒரே பையன் ஆண்டோ பெங்களூரில் வேலை பார்க்கிறான். எங்கள் கடை மாதா கோயில் திருவிழாவில் போட்ட பந்தலில், சேருகிறவர்களுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் இலவசம் என்று அறிவித்திருந்தோம். மரியசூசை பக்கெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். பக்கெட்டோடு புன்னகைத்து நின்ற அவரை நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் எங்கள் குறுஞ்செய்திகள் போகத் தொடங்கின. ஒவ்வொன்றும் 'அன்பான விசுவாசியே!' என்று ஆரம்பிக்கும். அது என் சொல்லாட்சி. எங்கள் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம் என்பதால் இதற்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. ஃபாதரிடமிருந்து வந்த ஜெபம் என்று நினைத்து ராஜமேரியம்மா சிலுவை போட்டுக்கொண்டே திறந்தாராம். உள்ளே தேங்காய்ச் சட்னி மீது பத்து சதவீதத் தள்ளுபடி இருந்தது.

இரண்டே பேர் உள்ள வீடு. தினமும் ஒரு கிலோ மாவு. முதல் மாதம் இட்லி, தோசை. இரண்டாம் மாதம் ஊத்தப்பம், பணியாரம். மூன்றாம் மாதம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனார்கள். பக்கத்து வீடுகளும் எங்கள் உறவுகளாகியிருந்ததால் அவர்களும் மாவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். நடுத்தெருவில் சந்தித்து, ஒருவர் மாவை ஒருவர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டபோது பிரபாகர் நெகிழ்ந்துபோனார். "கம்யூனிட்டி ஃபார்ம் ஆயிடுச்சு குரு சார்" என்றார்.

நான்காம் மாதம் மரியசூசை கடைக்கு வந்தார்.

"சார், நிறுத்திக்கலாமுங்க."

"எதை?"

"மாவத்தாங்க. வகுறு கெட்டுப்போச்சு. டாக்டரு களி துன்னச் சொல்லிட்டாரு."

எங்கள் திட்டத்தில் 'நிறுத்துதல்' என்ற சொல் கிடையாது. ஆனாலும் மனிதாபிமானத்தோடு அவரை உள்ளே உட்காரவைத்து 'பிரிவுத் துயர் தணிப்புக் கலந்தாய்வு' நடத்தினேன்.

"நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். இது ஓசூர்ப் பயிற்சியிலிருந்து பிரபாகர் கற்று வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி.

மரியசூசை பதறிவிட்டார். "அய்யய்யோ, தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்ல மாவுதாங்க."

"அப்போ எங்களை ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டார். அரை மணி நேரத்தில் அவர் அரிசி உறவிலிருந்து சாமை உறவாக உயர்ந்து, மாவுடன் தினமும் அரை லிட்டர் தயிருக்கும் சம்மதித்து வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம் தவக்காலம் தொடங்கியது. இருவரும் சேர்ந்து வந்தார்கள். இந்த முறை பேசியது ராஜமேரியம்மா.

"தவக்காலத்துல எதையாச்சும் ஒறுத்தல் பண்ணணும்னு சாமியாரு சொன்னாருங்க. நாங்க இட்லிய விட்டுடறோம்."

நான் யோசித்துப் பார்த்து, பணிவாகக் கேட்டேன். "ஒறுத்தல்னா ரொம்பப் பிடிச்சதைத்தானேங்க விடணும்? உங்களுக்கு இட்லி பிடிக்குமா?"

"பாத்தாலே கொமட்டுதுங்க."

"அப்போ அதைச் சாப்பிடறதுதானே ஒறுத்தல்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியாரின் மறையுரையில் கேட்டது போலவே இருந்ததால் தலையாட்டிவிட்டார்கள். அன்று மாலை அவர்கள் ராகி உறவானார்கள். மாவு, தயிர், வாரம் ஒரு தட்டு முட்டை, ஒரு தொப்பி. விலக வந்தவரை இரண்டே தடவையில் உச்சாணிக்குக் கொண்டுபோன சாதனைக்காகப் பிரபாகர் எனக்குச் சால்வை போர்த்தினார். கையோடு என்னையும் உறுப்பினராக்கினார். ஊழியர்களுக்குக் கட்டாயமாம்.

மரியசூசை மனம் தளராதவர். கருகிப்போன காயிலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவர், எங்கள் விதிமுறைப் புத்தகத்தையும் அப்படியே பிரித்தார். மூன்று நாள் படித்தாராம். விதி பதினான்கில் வந்து நின்றார். 'இவ்வுறவு உறுப்பினரின் மரணத்தால் மட்டுமே முடிவுறும்.' அந்த வரியை எழுதியபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறது. படித்த சந்தோஷத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். விதி பதினைந்து அடுத்த பக்கத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி, கடைக்கு வந்தார்.

"மரியசூசை செத்துட்டாருங்க" என்றார் மரியசூசை.

நான் படிவத்தை எடுத்தேன். அலுவலர் என்பவன் படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்கக் கூடாது.

"எப்போங்க?"

"காலையில. இட்லி துன்னுட்டு இருக்கறப்ப."

பேனா நின்றது. "எந்த இட்லிங்க?"

அவரும் நல்லவர், என் சங்கடத்தைப் புரிந்துகொண்டார். "வேற கடை இட்லின்னு போட்டுக்கங்க."

"நன்றிங்க. தகவல் தருபவருக்கு இறந்தவர் என்ன உறவு?"

"ரொம்ப நெருங்குன உறவுங்க. பொறந்ததுல இருந்து கூடவே இருக்கறன்."

"கையெழுத்து?"

போட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் ஒரு வெள்ளை ரோஜா மலர்ந்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று வந்தது. மரியசூசை அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு நிம்மதியான மனிதரை அதற்கு முன் எங்கள் கடையில் நான் கண்டதில்லை. போகும்போது களிக்கு ராகி ஒரு கிலோ ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் எங்கள் நிறுவனம் உறவை மரணத்தோடு கைவிடுகிற நிறுவனமா? உறுப்பினர் ஒருவர் காலமானால் மூன்று காரியங்கள் தானாகவே நடக்கும்படி பிரபாகர் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்திருந்தார். ஒன்று, அறுநூறு உறுப்பினர்களுக்கும் இரங்கல் குறுஞ்செய்தி. இரண்டு, கடை வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். மூன்று, விதி பதினைந்தின்படி சந்தா அப்படியே வாரிசுக்கு மாறும். துக்கம் கேட்க வருபவர்களுக்காக முதல் நாள் மட்டும் பதினைந்து கிலோ மாவு, கறுப்பு ரிப்பன் கட்டி.

ஃபிளெக்ஸ் பன்னிரண்டு மணிக்கே ஏறிவிட்டது. பன்னிரண்டடி உயரம். நீல பக்கெட்டைக் கையில் பிடித்தபடி மரியசூசை சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'இறுதி மூச்சு வரை அமுதக்கல் மாவு'. அதற்கும் கீழே, பெரிய எழுத்தில், 'இவரைப் போல நீங்களும் இன்றே இணைவீர்!'

பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோயிலில் உபதேசியார் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டுத் துக்க மணியை அடித்தார். அந்த நேரம் மரியசூசை வீட்டில் உட்கார்ந்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்து நடந்ததை ராஜமேரியம்மாவே எனக்குச் சொன்னார்.

"துக்க மணி அடிக்குது. யாரு போயிட்டாங்கன்னு பாத்துட்டு வா" என்றாராம் மரியசூசை.

அந்த அம்மா தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாராம்: "நீங்கதானாம்."

அரை மணி நேரத்தில் தகரக் கொட்டகைக்கு முன் கூட்டம் கூடியது. ரிப்பேருக்கு மோட்டார் கொடுத்திருந்தவர்கள், ஆத்மா சாந்தியடைய வேண்டி, அவரவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி காயில் கட்டிய மோட்டாரைக்கூட விடவில்லை. பெங்களூரிலிருந்து ஆண்டோ போன் செய்தான். மரியசூசை எடுத்து, "நான்தாண்டா, அப்பன் பேசறன்" என்றதும் பையன் போனைக் கீழே போட்டுவிட்டான். அதன் பிறகு இவர் அடித்த போனை அவன் ராத்திரி வரை எடுக்கவில்லை.

நான் கறுப்பு ரிப்பன் கட்டிய பதினைந்து கிலோ மாவோடு, எங்கள் டெலிவரி ஊழியர் மாதுவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ராஜமேரியம்மா நிலைப்படியில் நின்று, "ஒண்ணுமில்லீங்க, அவரு நல்லாத்தாங்க இருக்காரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், அதிர்ச்சி" என்று பெண்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மரியசூசை உள்ளே சமையலறையில் இருந்தார். வெளியே வர வெட்கம். என்னவென்று சொல்வார்? மாவுக்குப் பயந்து செத்தேன் என்றா?

அப்போது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து கையில் ரோஜா மாலையுடன் ஒரு பெரியவர் இறங்கினார். மரியசூசையின் அண்ணன். அண்ணன்தான், பெயர் சின்னப்பன். அரூர் தாண்டித் தீர்த்தமலைப் பக்கம் இருக்கிறார். ஒரு கிணற்றில் யார் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுவது என்பதில் தொடங்கிய சண்டையில், அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடமாக முகம் பார்த்ததில்லை. ஆண்டோ பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பியபோதுகூட அவர் வரவில்லை.

அவர் உள்ளே போகவில்லை. வாசலிலேயே, மாலை மண்ணில் புரள, உட்கார்ந்துவிட்டார்.

"டேய் சூசே" என்றார். "ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா வந்திருப்பேனேடா. நான் கூப்புடலன்னு நீயும், நீ கூப்புடலன்னு நானும்... அந்தக் கெணறு முழுக்க நீயே எடுத்துக்கடா. எனக்கு எதுக்குடா கெணறு?"

நான் மாவுப் பையோடு நின்றேன். இந்தத் துக்கத்துக்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மரியசூசை வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "அண்ணா" என்றார்.

சின்னப்பன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, அந்த ரோஜா மாலையாலேயே தம்பியைப் பளார் பளார் என்று அடித்தார். இதழ்கள் வாசலெல்லாம் தெறித்தன.

"கெணறு பாதி எனக்குத்தாண்டா!" என்று கத்தினார். கத்திக்கொண்டே தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மரியசூசையும் அழுதார்.

வந்தவர்களைப் பசியோடு அனுப்பக் கூடாது என்று ராஜமேரியம்மா அடுப்பைப் பற்றவைத்தார். பதினைந்து கிலோ மாவும் தீர்ந்தது. செத்தவரே பரிமாறினார். நீதிமன்றங்கள் சாதிக்காததை எங்கள் சந்தாத் திட்டம் சாதித்துவிட்டது; அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்ட காட்சியை விளம்பரத்துக்காகப் படமெடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கேட்டில் வழக்கம்போல் மாவு தொங்கியது. இப்போது ராஜமேரியம்மாவின் பெயரில்.

மூவரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். பிரபாகர் அவர்களைத் தம் அறையில் உட்காரவைத்து, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"சார், நான் உசுரோட இருக்கறன்" என்றார் மரியசூசை. "அந்த ஃபிளெக்ஸ எறக்கிடுங்க. ஒருத்தனும் மோட்டார் குடுக்க மாட்டேங்கறான். செத்தவன் கட்டுன காயிலு நிக்காதுன்னு பேசிக்கறாங்க."

"உங்க ஃபீலிங் எனக்குப் புரியுதுங்க அங்கிள். ஆனா ஃபீலிங் வேற, டேட்டா வேற. டேட்டாவுல நீங்க இல்லீங்க."

"எதுத்தாப்ல உக்காந்திருக்கறனே!"

"உக்காந்திருக்கறீங்க. அதை நான் மறுக்கலை. ஆனா சிஸ்டத்துல திரும்ப வரணும்னா புதுசாச் சேரணும். உங்களுக்குன்னே ஒரு ஆஃபர் போட்டிருக்கேன். ஈஸ்டர் வேற வருது." பிரபாகர் ஒரு தாளை நீட்டினார். நான் எழுதியதுதான். தலைப்பு: 'உயிர்த்தெழுதல் சலுகை.' மூன்று வருடச் சந்தா. இரண்டு பக்கெட்.

மரியசூசை தாளைப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்தவருக்குக்கூட யாரும் மூன்று வருட ஒப்பந்தம் நீட்டியதில்லை. அவர் முகத்தில் ஒரு பெரிய சாந்தம் வந்தது.

"வேண்டாமுங்க" என்றார். "நான் செத்தே இருந்துட்டுப் போறன்."

"அப்போ ஆன்ட்டி பேர்ல கன்டினியூ ஆகும்."

"எனக்கு மாவு வேண்டாமுங்க" என்றார் ராஜமேரியம்மா. "எம் புருசன் பேரு கெடாம இருந்தாப் போதும்."

"இப்படி ஆளாளுக்கு நிறுத்தினா சர்ன் ரேட் ஏறிடும் ஆன்ட்டி."

"சர்ச்சு ரேட்டா?"

"சர்ன், ஆன்ட்டி. எத்தனை பேர் நம்மள விட்டுப் போறாங்கங்கற கணக்கு. அது ஏறிச்சுன்னா நான் காலி." சொல்லும்போது பிரபாகரின் குரல் கொஞ்சம் உடைந்தது. மூடிய இரண்டு கடைகள் நினைவுக்கு வந்திருக்கும். நிஜமான பயம்தான் அது. "மூணாவது கடையும் போச்சுன்னா எங்கப்பா மூஞ்சில முழிக்க முடியாதுங்க."

ராஜமேரியம்மா அவரைச் சிறிது நேரம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, செத்தவங்க அந்தக் கணக்குல வருவாங்களா?"

"வரமாட்டாங்கம்மா" என்றேன். "அது இயற்கை இழப்பு."

"அப்பச் சரி. என்னையும் எழுதிக்கங்க."

"என்னன்னு?"

"நானும் போயிட்டன். காலையில. இவரு போன ஏக்கத்துல."

"வாரிசு?" என்று கேட்டேன். என் கை தானாகவே படிவத்தை எடுத்திருந்தது.

"ஆண்டோ. பெங்களூர்ல இருக்கறான். அங்க கொண்டாந்து தொங்க விடுவீங்களா?"

கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வெள்ளை ரோஜா மலர்ந்தது. வாரிசின் முகவரிக்கு டெலிவரி வசதி இல்லை என்று வந்தது. சிறிது நேரம் ஒரு வட்டம் சுழன்றது. பிறகு, எங்கள் நிறுவன வரலாற்றில் முதல்முறையாக, 'கணக்கு முடிக்கப்பட்டது' என்ற சொற்கள் திரையில் தோன்றின. பிரபாகர் எட்டிப் பார்த்தார். "சர்ன் ரேட்?" என்றார்.

"பூஜ்யம்" என்றேன்.

"அப்போ பரவால்ல" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வெளியே வந்து, அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மரியசூசை மேலே ஏறித் தன் கண்ணீர் அஞ்சலியைத் தானே அவிழ்த்து இறக்கினார். தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஃபிளெக்ஸ் கெட்டியான துணி. அதைக் கொட்டகைக்கு மேல் போட்டு மழை ஒழுகலை அடைத்துவிட்டார். ஏணி மேல் நின்ற மனிதரை ஊரே பார்த்துவிட்டதால், இரண்டு நாளில் மோட்டார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் கடை திறக்கும்போது வாசலில் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

முதலில் நின்றவர் யுவராணி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் அவசரப்பட்டார்.

"சார், நான் நேத்து செத்துட்டேன். சீக்கிரம் போடுங்க, எட்டு மணி பஸ்."

"காரணம்?"

"எதையாச்சும் போடுங்க சார். நாங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "மூப்புன்னு போடுங்க."

அவருக்கு வயது இருபத்தாறு.

அவருக்குப் பின்னால் அவருடைய மாமியார் நின்றார், வாரிசு என்ற முறையில் இறப்பதற்காக. அதற்குப் பின்னால் மாமனார். வீடு வீடாக வந்தார்கள். கணவர் இறந்தார், உறவு மனைவிக்குப் போனது, மனைவி இறந்தார், மகனுக்குப் போனது, மகன் வரிசையில் தயாராக நின்றான். வம்சம் முழுதும் முடிந்த பிறகுதான் சிஸ்டம் ஒரு வீட்டை விட்டது. ஒரு வீட்டில் வாரிசு என்று பசுமாட்டின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அதையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பதினைந்து நாளில் நானூற்று முப்பது பேர். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர், ஊரில் ஏதோ கொள்ளை நோய் என்று நினைத்து, எங்களுக்கு வேலை செய்ய மறுத்துவிட்டார்.

இறந்தவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்? எதிர்ச் சாரியில் நிர்மலா என்ற அம்மா ஒரு கிரைண்டர் வைத்திருக்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. வகுப்பு கிடையாது. பாத்திரம் கொண்டுபோனால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அளந்து ஊற்றுவார். "நாளைக்கி வேணுமா?" என்று ஒருநாளும் கேட்கமாட்டார். தொழில் அறிவு அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே காலமானவர்கள் தூக்குப்போசியோடு வரிசையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை எங்கள் கண்ணாடிக் கதவு வழியாக நான் தினமும் பார்ப்பேன். அரூர்ப் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை தம்பி வீட்டுக்கு வருகிற சின்னப்பனும் அங்கே நிற்பார். எங்கள் கடையில் ஈ கூட உட்காரவில்லை. அதற்கும் உறுப்பினர் அட்டை கேட்போம் என்று பயந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை நானும் என் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'மனசாட்சி' என்று அடித்தேன். சிஸ்டம் அதை ஏற்கவில்லை. 'மூப்பு' என்று மாற்றினேன். ரோஜா மலர்ந்தது.

பிரபாகர் மட்டும் கலங்கவில்லை. ஓசூர்ப் பயிற்சிக்காரர்கள் அவருடைய சர்ன் ரேட்டைப் பார்த்து அசந்துபோய்விட்டார்கள். மாநிலத்திலேயே வாடிக்கையாளர் விலகல் பூஜ்யமாக இருக்கும் ஒரே உணவுக் கடை இதுதான் என்று கேடயம் கொடுத்தார்கள். ஆளில்லாத கடையில், காலி அலமாரிக்கு நடுவில், அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"குரு சார்" என்றார். "வாசல்ல புதுசா ஒரு போர்டு வைக்கணும். நம்ம விசுவாசத்தை ஒரே வரியில சொல்லணும். பொய்யே இருக்கக்கூடாது. சத்தியமான வார்த்தையா இருக்கணும்."

பதினோரு வருடம் மனு எழுதியவன் நான். அத்தனை வருடத்திலும் முழுக்க உண்மையான ஒரு வரி எழுத எனக்கு வாய்ப்பே வந்ததில்லை. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். பிரபாகர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார், கண் கலங்கினார், அப்படியே அச்சுக்கு அனுப்பினார். இன்று பென்னாகரம் ரோட்டில் யார் போனாலும் படிக்கலாம், இருபதடி அகலத்தில், சிவப்பு எழுத்தில்:

'எங்கள் கடையை விட்டு இதுவரை ஒருவர்கூட உயிரோடு போனதில்லை.'